மங்களத்தின் கணக்கு டியூஷன் பற்றி நீ எழுதியதற்குப் பதில்

தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. வழக்கமாக நான் முதலில் உன் உடம்பைக் கேட்பேன், அறைக்காரப் பையன்களோடு சேர்ந்து ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறாயா என்று கேட்பேன், கிள்ளானில் மழையா வெயிலா என்று கேட்பேன். இந்த முறை அதையெல்லாம் கேட்க மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தை உன் அப்பாவோடு ரயிலில் வேலை செய்யும் கார்டு அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம். தை பிறந்ததும் நீ கைப்பிடிக்கப்போகிற பெண் படித்தால் இன்னும் சம்மதம்.

"மங்களத்தைச் சபாபதி மாஸ்டரிடம் கணக்குக்கு அனுப்புங்கள், நமக்குச் சொந்தமாகப் போகிறவர், பெண் பிள்ளையென்றாலும் எனக்காகச் சேர்த்துக்கொள்வார்" என்று எழுதியிருக்கிறாய். தங்கை மேல் உனக்கு அக்கறை இருப்பதில் சந்தோஷம். அவள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை, வெளியேதான் படித்தாக வேண்டும் என்று நீ சொல்வதும் சரி. ஆனால் அந்த மாஸ்டர் பெயரை உன் கையெழுத்தில் பார்த்ததும் மேலே படிக்கப் பிடிக்கவில்லை. கடிதத்தை மடித்து அரிசிப் பானை மேல் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றுகொண்டேன். உன் அப்பா வந்து, "பையன் என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, புத்தி சொல்லியிருக்கான்" என்றேன்.

யாரிடம் டியூஷனுக்கு அனுப்புவது என்ற பேச்சு இந்த வீட்டில் புதிதல்ல. நீ மேல் வகுப்புக்கு வந்த வருஷமும் இதே பேச்சுத்தான். ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. நம் குவார்ட்டர்ஸ் வரிசையில் இருந்த குடும்பங்கள் சில மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறித் தாய்நாட்டுக்கே போய்விட்டன. உன் அப்பா எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற பயர்மேன். இன்றைக்கு வேலை இருக்கிறது, நாளைக்கு யார் கண்டது என்று பயந்துகொண்டே டூட்டிக்குப் போய் வருவார். உனக்கு சீனியர் பரீட்சை பாஸ் ஆனால் ஆபீஸ் வேலை, ஆகாவிட்டால் நீயும் கரிதான். உனக்கு மற்றப் பாடங்கள் வந்தன. கணக்கு மட்டும் வரவில்லை. கணக்கு போனால் எல்லாம் போனது.

எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. உன் அப்பாவுக்கு அதுவும் அரைகுறை. அப்படிப்பட்ட நாங்கள் ஒரு வாத்தியாரை எப்படி எடை போடுவோம் சொல்? நான் காதால் எடை போட்டேன். சாயங்காலமானால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் டியூஷன் நடக்கும் வீடுகளின் பக்கம் நடந்துபோவேன். எந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கிற சத்தம் பலமாக வருகிறதோ அதுதான் நல்ல டியூஷன். நான் மட்டுமல்ல, எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். பாடம் என்றால் வாய்விட்டுச் சொல்வது என்றுதான் எங்களுக்குத் தெரியும். சபாபதி மாஸ்டர் பெரிய ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி. அவர் வீட்டுச் சத்தம் தார்ச் சடக்கு தாண்டிக் கேட்கும், அங்கேயே உன்னைச் சேர்த்தேன். "லெட் ஏபிசி பி எ டிரையாங்கிள்" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே ராகத்தில் சொல்வீர்கள். எனக்குப் புல்லரிக்கும். நீ வீட்டிலும் அதையே சொல்லிக்கொண்டு நடப்பாய். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. என் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிட்டது என்று நான் பாசாரில் மீன் வாங்கும்போதுகூடப் பெருமை பேசினேன்.

அப்புறம் அந்தப் பள்ளிப் பரீட்சை வந்தது. நீ வீட்டுக்கு வந்து சட்டைகூடக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்து அழுதாய். கேட்டதற்கு, "மாஸ்டர் வீட்டுல ஏபிசிம்மா. பேப்பர்ல பிகியூஆர் போட்டுட்டாங்க. படமும் தலைகீழா நிக்குது. எனக்கு ஒண்ணுமே புரியலம்மா" என்றாய். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அதுவும் முக்கோணந்தானேடா?" என்றேன். "ஆமாம்மா, ஆனா வேற பேரு" என்றாய். மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "பையனுக்கு ஞாபகசக்தி பத்தலம்மா. இன்னும் நாலு தடவை சத்தமா சொல்லச் சொல்லுங்க. அப்பவும் வரலைன்னா எஞ்சின் வேலைக்கு விட்டுடுங்க, அதுக்குக் கணக்கு வேணாம்" என்றார். உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குத் திரும்பி வரும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அங்க இனிமே போகவேணாம்மா" என்று நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

ரோசலின் டீச்சரைப் பற்றிச் சொன்னது மாதா கோயிலுக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா. பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுப்பவர், சீனியர் பரீட்சையில் கணக்கு எடுத்துப் பாஸானவர், புருஷனை விட்டுவிட்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டவர். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். புருஷன் என்ன செய்தான், அவர் முதுகில் என்ன தழும்பு இருந்தது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். உன் பெரியப்பா வீட்டில் கொதித்தார்கள். "அந்த வீட்டுக்கா வளர்ந்த பிள்ளைய அனுப்புற? நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றார்கள். பேசுகிறவர்கள் வாயை அடைக்க நான் ஒரு வழி செய்தேன். நீ டியூஷனுக்குப் போகிற நாளெல்லாம் நானும் வந்தேன். முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுவேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்க வேண்டும், கதவு விரியத் திறந்திருப்பதையும் பார்க்க வேண்டும். அந்த வருஷம் நம் வீட்டுச் சோற்றில் ஒரு கல் இருக்காது, அவ்வளவு பொறுக்கினேன்.

முதல் நாள் எனக்குப் பெரிய ஏமாற்றம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தெருவில் மாட்டுவண்டி போகிற சத்தம் கேட்கிறது, ரயில் தடம் மாறுகிற சத்தம் கேட்கிறது, உள்ளே மட்டும் ஊமை வீடு. எட்டிப் பார்த்தால் நீயும் டீச்சரும் ஒரு சிலேட்டை நடுவில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் சிலேட்டை மெல்லத் திருப்பினார், மறுபடி பார்த்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தவரிடம், "என்ன டீச்சர், பாடம் நடத்தவே இல்லையே?" என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். "பையன் யோசிக்கிறான்க்கா. அதுக்குச் சத்தம் வராது" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் நீ வழியெல்லாம் ஒன்றும் ஒப்பிக்காமல், கல்லைப் பொறுக்கித் தரையில் ஏதேதோ கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாய். அன்றைக்கு நீ அழவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். டீச்சருக்குக் காய்ச்சல் வந்த வாரம்கூட உனக்குப் பாடம் நிற்கவில்லை, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முக்கோணத்துக்கு ஏபிசி என்று பெயர் வைக்கமாட்டார். உன் பெயர், மங்களம் பெயர், அவர் வீட்டுப் பூனையின் பெயர் என்று மூலைக்கு மூலை வைப்பார். நீ ஒரு நாள் உள்ளேயிருந்து, "டீச்சர், எனக்குத் தெரிஞ்சுபோச்சு!" என்று கத்தினாய். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அந்த வீட்டிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். சீனியர் பரீட்சையில் கணக்கில் உனக்கு நல்ல பாஸ் வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சும்மா இருப்பேனா? குழாயடியில், பாசாரில், கோயிலில், பார்க்கிற தாய்மார்களிடமெல்லாம் சொன்னேன். "சத்தத்தைப் பார்த்து ஏமாறாதீங்க, என் பையனைப் பாருங்க" என்றேன். என் பேச்சை நம்பித்தான் நம் வரிசைப் பிள்ளைகள் டீச்சரிடம் போக ஆரம்பித்தார்கள். அவர் அப்பா இறந்த பிறகு, அந்தப் பிள்ளைகள்தான் அந்த வீட்டுக்கு ஆள் நடமாட்டம், மரியாதை எல்லாம்.

இப்போது உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். கிள்ளானில் பெண் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். உன் மாமனாராகப் போகிறவர் தலைமைக் கிராணி, நல்ல மனிதர்தான், குறை சொல்லமாட்டேன். எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "தம்பி கணக்குல கெட்டிக்காரராமே, யாருகிட்ட டியூஷன்?" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெயரைச் சபையில் கேட்கக் காத்திருந்தேன். அங்கே பெண்ணுக்குப் பெரியப்பா முறையில் சபாபதி மாஸ்டர் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். நீ அவர் பக்கம் கையைக் காட்டி, "மாஸ்டர்கிட்டதாங்க. அவர் போட்ட அஸ்திவாரம்" என்றாய். மாஸ்டர் கொஞ்சங்கூடக் கூசாமல், "நல்ல சூட்டிகையான பையன்" என்றார். உன்னை எஞ்சின் வேலைக்கு விடச் சொன்ன அதே வாய்.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. வெற்றிலைத் தட்டைப் பிடித்திருந்த இடத்திலிருந்தே, "இல்லைங்க, இவனைப் பாஸாக்குனது ரோசலின் டீச்சருங்க" என்றேன். கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாய். "அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. யார் எந்தப் பாடம் எடுத்தாங்கன்னு குழப்பிக்கிறாங்க." எல்லாரும் சிரித்தார்கள். உன் மாமியாராகப் போகிறவர் எனக்காகப் பரிதாபப்பட்டு, "பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். தம்பி, உனக்கு நான் சொல்கிறேன், நான் பெற்ற பிள்ளை என்னைச் சபையில் வைத்து முட்டாளாக்கினான். உனக்காக வெயிலிலும் தூற்றலிலும் படியில் உட்கார்ந்திருந்த என்னை, யார் பாடம் எடுத்தார்கள் என்று தெரியாதவள் என்றாய். உன்னைச் சுமந்தபோதுகூட எனக்கு அப்படி வலித்ததில்லை.

லீவில் நீயும் எங்களோடு வீட்டுக்குத் திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாய். "மாஸ்டர்கிட்ட நான் படிக்கவே இல்லையாம்மா? பொய்யா சொன்னேன்? புருஷனை விட்டுட்டு வந்தவங்க பேரை அந்த வீட்டுல எப்படிம்மா சொல்றது? என் நிலைமைய யோசிங்க." உன் நிலைமையை யோசித்துப் பார்த்தேன். டீச்சர் உன்னைச் சேர்த்துக்கொண்டபோது அவர் நிலைமையை யோசித்தாரா என்றும் யோசித்துப் பார்த்தேன். உன் அப்பா எதிரில் உட்கார்ந்து தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் தூங்கவில்லை.

ஒரு வாக்கியந்தானே, கல்யாணம் முடிந்தால் மறந்துபோகும் என்று நினைத்திருப்பாய். அது நமக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்துவிட்டது. மாஸ்டரே வீடு வீடாகச் சொல்லாத குறை, கிள்ளான் மாப்பிள்ளை என் மாணவன் என்று. குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்கதானேக்கா சொன்னீங்க, டீச்சர்கிட்ட படிச்சுத்தான் பாஸானான்னு? உங்க பையனே சபையில இல்லைன்னுட்டானாமே?" என்றார்கள். நான் வாதாடினேன், தொண்டை வறண்டதுதான் மிச்சம். படித்த பிள்ளை சொன்னதை விட்டுவிட்டு என்னையா நம்புவார்கள்? அது போகட்டும், நான் பொய்க்காரி ஆனால் ஆகிவிட்டுப் போகிறேன். அதற்கடுத்து ஒருத்தி கேட்டாள் பார், அதுதான். "அங்க பாடம் படிக்கலைன்னா, வளர்ந்த பையன் அத்தனை நாளும் அந்த வீட்டுக்கு எதுக்குப் போனானாம்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்தப் பேச்சு வரக்கூடாது என்று நான் படியில் உட்கார்ந்து காவல் காத்தேனோ, அந்தப் பேச்சை நீ கொண்டுவந்து அந்த வாசலில் போட்டுவிட்டாய். யாரோ வெளியார் சொல்லியிருந்தால் சண்டை போட்டு அடித்து விரட்டியிருப்பேன். சொன்னது நீ. நான் யாரிடம் சண்டைக்குப் போவது?

பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். பள்ளியிலும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். டீச்சர் வேலையை விட்டுவிட்டார், அவர்கள் விடச்சொல்லும்வரை காத்திருக்கவில்லை. நான் பார்க்கப் போனபோது சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டீங்களாக்கா?" என்றுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார். "அவனா சொன்னானாக்கா, இல்ல வேற யாராவது சொல்லி இவன் தலையாட்டுனானா?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. "அவன்தான் டீச்சர்" என்றேன். "சரிக்கா" என்றார். அப்புறம் அடுத்த மூட்டையை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். கோபம் இல்லை என்று நினைக்காதே. முகம் கல்லாக இருந்தது. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "நான் சொல்லிக் குடுத்தது அவனுக்கு மறக்காதுக்கா. அதை அவன் என்ன பண்ணுவான்?" என்றார். இதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

நீயும் நாளைக்குத் தகப்பனாவாய், உன் பிள்ளைக்கும் யாரிடமாவது கணக்குப் படிக்க வேண்டிவரும். அப்போது இந்த அம்மா சொல்வதைக் கேள். வாத்தியார் எத்தனை சத்தம் போடுகிறார், எந்த ஆபீஸில் இருக்கிறார், யாருக்குச் சொந்தம் என்று பார்க்காதே. பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் அவர் யார் மேல் குறை சொல்கிறார் என்று பார். பாடம் முடிந்து வரும்போது பிள்ளை முகம் எப்படி இருக்கிறது என்று பார். நல்ல ஆள் கிடைத்தால் வீட்டுக்கு வெளியே என்ன பேசினாலும் விடாதே. பாஸான பிறகும் விடாதே. இந்தக் கடைசி விஷயத்தை உனக்குச் சொல்லித்தர நான் மறந்துவிட்டேன் போலிருக்கிறது. அதையெல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மங்களம் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு உன்னைவிடக் கூர்மை அதிகம். சபாபதி மாஸ்டரிடம் அவள் போகமாட்டாள். அவளுக்கும் கணக்குச் சொல்லித்தரப் போவது ரோசலின் டீச்சர்தான். நான் கேட்டபோது டீச்சர் முதலில் வேண்டாம் என்றார். என்னோடு வந்திருந்த மங்களத்தைப் பார்த்தார், அப்புறம் சரி என்றார். டீச்சர் எங்கே போகிறார் என்று உனக்குத் தெரியாது அல்லவா? கிள்ளானுக்குத்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவர் தம்பி வீட்டுக்கு. வீடு உன் மாமனார் தெருவிலேயே, அவர்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நான் தேடிப் பிடித்த இடமல்ல, அவருக்கு வாய்த்த இடம்.

வருகிற சனிக்கிழமை தொடங்கி வாரந்தோறும் காலை வண்டியில் மங்களம் வருகிறாள். உன் அப்பா ரயில்வே பாஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார். நானும் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து தங்கையை டீச்சர் வீட்டு வாசல்வரை நீ கொண்டுபோய் விடவேண்டும் என்பது என் ஆசை. வராவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்கு வழி தெரியும். பாடம் முடிகிறவரை பழையபடி நான் முறத்தோடு வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். கதவு விரியத் திறந்திருக்கும். உன் மாமனார் வீட்டு ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். சம்பந்தியம்மா ஏன் அங்கே உட்கார்ந்து கல் பொறுக்குகிறார், அது யார் வீடு என்று கட்டாயம் உன்னைக் கேட்பார்கள். நீயே பதில் சொல்லிவிடு தம்பி. எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, நான் சொன்னால் குழப்பிவிடுவேன்.

அம்மா